கம்பம் தெரிந்தால் மிஸ்ட்

நவம்பர் 4

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

நான் நலம். நீயும் வாலுவும் நலமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. நாற்பத்திரண்டு நாள் கழித்து ஒரு கடிதம் வருகிறது, பிரித்தால் மொத்தம் ஒன்பது வரி. அந்த ஒன்பது வரி ரயிலில் இரண்டு நாள் உட்கார்ந்து வந்திருக்கிறது. மாடி வீட்டு நர்ஸம்மாவே, "இவ்வளவுதானா பெரியவரே?" என்று தாளைத் திருப்பிப் பார்த்தார்.

போனில் பேசலாமே என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். உன் குரல் எனக்குத் தகரத்தில் மழை விழுகிற மாதிரிதான் கேட்கிறது. கடிதம் என்றால் நர்ஸம்மா எத்தனை தடவை வேண்டுமானாலும் வாசித்துக் காட்டுவார். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வீட்டோடு இருக்கிறவர், நேரம் இருக்கிறது. ஒரே ஒரு குறை. நான் நலம் என்றால் பூரண நலம் என்று எழுதுவார். திருப்பி வாசிக்கும்போது பிடித்துவிடுவேன். எனக்கு எழுத்துதான் தெரியாது, நான் சொன்னது எனக்கு மறக்காது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஃபாக் என்றால் என்ன, மிஸ்ட் என்றால் என்ன, தாத்தாவிடம் கேட்டுச் சொல் என்று வாலு சொன்னாள் என்கிறாய். உன் ஊரில் போனில் வானிலை என்று தினம் ஒரு வார்த்தை போடுகிறான், இரண்டும் ஒன்றுதானே என்றால் யாருக்கும் தெரியவில்லை என்கிறாய். எழுதப் படிக்கத் தெரிந்த ஊரில் ஆள் கிடைக்காமல் என்னிடம் வந்திருக்கிறீர்கள்.

படகுத்துறையில் எனக்கு வேலை கொடுத்த அன்றைக்கு ஒரு இன்ஜினியர் வந்தார். கையில் குடை, அன்று மழை இல்லை. ஏணிக்குக் கீழே நின்று சொன்னார். "இங்கிலீஷ்ல ரெண்டே வார்த்தை கத்துக்கோ, போதும். ரெண்டும் ஒரே தண்ணிதான். மேகம் தரைக்கு வந்து உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான். ஆயிரம் மீட்டருக்குள்ள உன் பார்வை நின்னுபோச்சுன்னா ஃபாக். ஆயிரத்தைத் தாண்டிப் போச்சுன்னா மிஸ்ட்." ஆயிரம் மீட்டரை நான் எப்படி அளப்பேன் என்று கேட்டேன். ஆற்று நடுவில் மணல்திட்டில் ஒரு வெள்ளைக் கம்பத்தைக் காட்டினார். உச்சியில் சிவப்புப் பட்டை. பட்டை தெரிந்தால் மிஸ்ட். தெரியாவிட்டால் ஃபாக்.

குளிர்கிறதா, கண் எரிகிறதா, பார்க்க அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் கணக்கே இல்லை. பார்வை எவ்வளவு தூரம் போகிறது என்பது ஒன்றுதான். ஃபாக் என்றால் படகு கட்டியே கிடக்கும். மிஸ்ட் என்றால் விளக்கைப் போட்டு, மணி அடித்துக்கொண்டு, மெதுவாகப் போகும்.

குளிர் மாதங்களில் காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை அரை மணிக்கு ஒரு தடவை ஏறுவேன். முப்பத்தொரு படி. கீழே எழுத்தர் அறை ஜன்னலிலிருந்து மாப்பிள்ளை குரல் கொடுப்பார். உனக்குக் கல்யாணம் ஆகும்வரை "சொல்லுங்க பெரியவரே" என்பார். ஆன மறுநாளிலிருந்து "சொல்லுங்க மாமா". நான் ஒரு வார்த்தை சொல்வேன். மாப்பிள்ளை அதை ரெஜிஸ்டரில் எழுதி, ஒரு சீட்டிலும் எழுதிப் படகோட்டியிடம் கொடுப்பார். சாயங்காலம் அந்தப் பக்கத்துக்கு அடியில் நான் கைநாட்டு வைப்பேன். பத்தொன்பது வருஷம் இப்படி. அதில் மாப்பிள்ளையோடு எட்டு. எப்போதும் காதில் பேனா சொருகியிருப்பதால் துறையில் அவருக்குப் பேரே பேனாதான்.

வாலு எதற்குக் கேட்கிறாள் என்று நீ எழுதவில்லை. இருபத்துநாலு வயதுப் பெண்ணுக்கு இது என்ன கேள்வி.

அடுத்த கடிதம் பத்து வரியாவது இருக்கட்டும்.

கைநாட்டோடு,
உன் அப்பா

(அவர் சொல்லாமல் எழுதுகிறேன்: ரத்த அழுத்த மாத்திரையைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு விழுங்கியாயிற்று என்கிறார். மற்றபடி பூரண நலம். மாடி வீட்டு நர்ஸ்)


நவம்பர் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்து வரிக்கு மேலேயே எழுதுகிறேன். இன்று வேலை இல்லை. ஓட்டல் சலவை அறையில் நீராவிக் குழாய் வெடித்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இஸ்திரி போட வேண்டிய படுக்கை விரிப்புகள் என் உயரத்துக்குக் குவிந்திருக்கும், நாளை மறுநாள் என் தலையில்தான் விடியும்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் மாப்பிள்ளை என்று இருக்கிறது. நர்ஸம்மா சேர்த்ததா, நீங்கள் சொன்னதா? நம் வீட்டில் அந்த வார்த்தையை விட்டு இருபத்தொரு வருஷம் ஆகிறது.

வாலு ஏன் கேட்டாள் என்று நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. அவளுக்குக் கல்யாணம். பயப்படாதீர்கள், நல்ல பையன்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிறான், அதிகம் பேசமாட்டான். பிப்ரவரி பதினாறாம் தேதி பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு எல்லாரும் உட்கார்ந்து ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சாட்சி, பெண் வீட்டிலிருந்து ஒரு சாட்சி. நான் போடுகிறேன் என்றேன். இவள், "நீ பக்கத்துல நில்லும்மா. அப்பா போடட்டும்" என்கிறாள்.

எந்த அப்பா என்று கேட்டேன். எனக்கு இருக்கறது ஒரு அப்பாதானே என்கிறாள்.

அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடித்தும்விட்டாள். உங்கள் ஊர்ப் பக்கம்தான், அப்பா. சிமெண்ட் கிடங்கை ஒட்டி லாரிகளுக்கு எடை மேடை இருக்கிறதாமே, அங்கே எடை எழுதுகிறாராம். எழுதுகிற வேலையை அந்தக் கைக்கு மறுபடியும் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா ஏணியில் நின்று ஃபாக் என்று சொன்னார். கீழே உட்கார்ந்திருந்த உன் அப்பா மிஸ்ட் என்று எழுதிச் சீட்டுக் கொடுத்தார். படகை அவிழ்த்தார்கள். மணல் தோணியில் மோதி ஒன்பது பேர் போனார்கள். ஒன்பதில் ஒருத்தி என் அம்மா. இதற்கு மேல் என்ன வேண்டும் என்றேன். அவள், "ஒரு வார்த்தைக்காகவாம்மா? அப்படி அந்த ரெண்டு வார்த்தைக்கும் என்னதான் வித்தியாசம்?" என்றாள். அதற்குத்தான் உங்களிடம் கேட்டேன். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு தாத்தா எழுதலையே" என்கிறாள்.

அதனால் நீங்களே அவளுக்கு எழுதுங்கள். அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று உங்கள் வாயால் ஒரு கடிதம். நான் சொன்னால் கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். நீங்கள் சொன்னால் மாறமாட்டாள். சாட்சி பேரை பிப்ரவரி முதல் வாரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கே இப்போது தினம் ஃபாக்தான். குளிக்கிற அறைக் கண்ணாடி மங்கினால் ஃபாக், தலை சரியில்லை என்றாலும் ஃபாக். ஓட்டலில் மேற்பார்வைக்காரி காலையில் கொட்டாவி விட்டுக்கொண்டே "இன்னிக்கு எனக்கு ஒரே ஃபாக்" என்கிறாள். அந்த வார்த்தையை இவர்கள் இவ்வளவு சுலபமாகச் சொல்லும்போது நான் விரிப்பை மடித்துக்கொண்டிருப்பேன்.

மாத்திரையை விழுங்குங்கள்.

உங்கள்
பாப்பா


டிசம்பர் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஐந்து தடவை வாசிக்கச் சொன்னேன். வாலுவுக்குக் கல்யாணம் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதச் சொல்கிறார் நர்ஸம்மா. சந்தோஷம்தான். அளவு சொல்லத் தெரியவில்லை.

மாப்பிள்ளை என்ற வார்த்தையை நர்ஸம்மா சேர்க்கவில்லை. நான்தான் சொன்னேன். வாய்ப் பழக்கம்.

வாலு பிறந்த அன்று காலை ஏழே காலுக்குத் தகவல் வந்தது. அன்றைக்கு மிஸ்ட். எட்டு மணிக்குச் சுத்தமாக விலகிவிட்டது. உன் அம்மா பச்சைப் புடவையில் இருந்தாள், ஓரத்தில் இஸ்திரி சுட்ட அடையாளம் உண்டு, அதை உள்ளே மடித்துக் கட்டுவாள். ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்துவிட்டு, "இதுக்கு வாய் மட்டும்தான் இருக்கு, முகம் பின்னால வரும்போல" என்றாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. குழந்தையின் எடையை நர்ஸிடம் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். இரண்டு கிலோ எண்ணூற்றி நாற்பது. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இருப்பதைப் பற்றி எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள்.

போன வாரம் ஒன்று நடந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு பலகைத் தட்டு உண்டு, உனக்குத் தெரியும். அது ஆடுகிறது என்று நர்ஸம்மா ஆளை வைத்துக் கழற்றிவிட்டார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஆணிகளை நான்தான் கையில் வாங்கினேன். மூன்று நாள் கழித்து, தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை அந்தத் தட்டில் வைத்தேன். கீழே விழுந்தது. கைமறதி என்று நர்ஸம்மா சொன்னார். மறதி இல்லை. தட்டு அங்கே இருந்தது. பார்த்துத்தான் வைத்தேன். பட்டப்பகல்.

குனிந்து டம்ளரை எடுத்தேன். நெளிந்திருந்தது. அப்படியே தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வாலுவுக்கு எழுத உட்கார்ந்தோம். நான் நாலு வரி சொன்னேன். வாசித்துக் காட்டச் சொன்னால் "தாங்க முடியாத துயரத்துடன்" என்று ஆரம்பிக்கிறது. நான் சொல்லவே இல்லை. அதைக் கிழிக்கச் சொன்னேன். மறுபடி எழுதினோம். "அந்தக் கொடிய நாளில்" என்று இருந்தது. அதையும் கிழிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு எழுதவில்லை.

இங்கே குளிர் சுமார்தான். போர்வை இருக்கிறது. நீ அனுப்பிய காலுறை ஒன்று பெரிது, ஒன்று சின்னது, இரண்டையும் போட்டுக்கொள்கிறேன்.

கைநாட்டோடு,
உன் அப்பா

(கிழித்த இரண்டு தாளும் நன்றாகத்தான் இருந்தன. நான் ஏதும் தவறாக எழுதவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். நர்ஸ்)


ஜனவரி 8

அப்பாவுக்கு,

நான் கேட்டது ஒரு விஷயம். நீங்கள் எழுதியது பச்சைப் புடவை, பலகைத் தட்டு, காலுறை.

கதை வேண்டாம், அப்பா. ஒரு வரி போதும். "நான் ஃபாக் என்று சொன்னேன்." நாலே வார்த்தை. நர்ஸம்மா இதில் சேர்க்க ஒன்றும் இல்லை.

நேற்று வாலு என்ன சொன்னாள் தெரியுமா. "தாத்தா அப்படித்தான் சொன்னேன்னு எழுதிட்டா, நான் அப்பாவைக் கூப்பிடமாட்டேன். இனிமே பேச்சையும் எடுக்கமாட்டேன். நீயே கையெழுத்து போடு" என்றாள். நானும் சரி என்றேன். அதனால் இப்போது எல்லாம் உங்கள் ஒரு வரியில் இருக்கிறது.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பின அன்று அந்த ஆள் வாசலில் நின்று ஒரே ஒரு தடவை சொன்னார். "உங்கப்பா சொன்னதைத்தான் எழுதினேன்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்கப்பா கண்ணு பொய் சொல்லாது. நகருங்க" என்றேன். நகர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு இருபத்தொரு வருஷம் ஒரு கடிதம் கிடையாது, ஒரு ஆள் தூது கிடையாது. தப்பு செய்யாதவராக இருந்தால் இன்னொரு தடவையாவது சொல்லியிருக்க மாட்டாரா என்று அப்போதே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எழுதுங்கள்.

பாப்பா


ஜனவரி 24

பாப்பாவுக்கு,

எழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். மடித்து வைத்துவிடாதே. முழுக்க வாசி.

இன்று காலை பஸ் ஏறினேன். ஒன்றரை மணி நேரம். சிமெண்ட் கிடங்கு என்று கேட்டால் எல்லாரும் வழி சொல்கிறார்கள். எடை மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. உள்ளே மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது. பேனா காதில்தான் இருக்கிறது.

"யாரு?" என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு எழுந்து நின்றார். "உள்ள வாங்க மாமா. படி ஒண்ணு இருக்கு, பார்த்து."

இருந்த ஒரே நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார். எப்படி இருக்கிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஒரு கடுதாசி எழுதணும்" என்றேன்.

"யாருக்கு?"

"உங்க வீட்டுக்காரிக்கு."

வெளியே ஒரு லாரி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க ஊர்ல எழுத ஆள் இல்லையா?"

"இருக்காங்க. ரொம்ப அழகா எழுதறாங்க. எனக்கு அழகு வேண்டாம். சொன்னது வேணும்."

லாரிக்கு எடை எழுதிச் சீட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தார். ஒரு நோட்டை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். காதிலிருந்து பேனாவை எடுத்தார். "சொல்லுங்க மாமா" என்றார்.

இனி நான் சொல்வதுதான், பாப்பா.

அன்றைக்கு உன் அம்மாவுக்கு மூன்று நாளாகப் பல் வலி. கன்னம் வீங்கியிருந்தது. மறுகரையில் பல் டாக்டர் எட்டு மணிக்கு வருவார், முதல் படகில் போனால் முதல் சீட்டு. "பிடுங்கிட்டு பத்து மணிக்கு வந்துடுவேன். குழம்பு மட்டும் சூடு பண்ணுங்க, கிளறிக்கிட்டே இருக்காதீங்க" என்றாள். கன்னத்தைத் துண்டால் கட்டியிருந்தாள். ஏணிக்குக் கீழே நின்று, "போட்டு போகுமா, போகாதா?" என்று கேட்டாள். இரு, பார்க்கிறேன் என்றேன்.

ஏறினேன். மணி ஆறரை. ஏணியின் பாதிக்கு மேல் கைப்பிடி ஈரமாக இருந்தது. மேலே நின்று மணல்திட்டுப் பக்கம் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது எல்லாம். அதற்குள் கம்பம் தெரிந்தது. உச்சியில் சிவப்புப் பட்டை தெரிந்தது.

கீழேயிருந்து "சொல்லுங்க மாமா" என்றார். மிஸ்ட் என்றேன்.

நான் சொன்னது மிஸ்ட். அவர் எழுதியதும் மிஸ்ட்.

இந்த இடத்தில் பேனா நின்றது. "எழுதுங்க மாப்பிள்ளை, நிறுத்தாதீங்க" என்றேன். நிறுத்தியதையும் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டார்.

உன் அம்மா அவசரப்படுத்தியதால் சொன்னேனா என்று இத்தனை வருஷமும் நினைத்துப் பார்த்துவிட்டேன். அப்படி இல்லை. தெரிந்தது, சொன்னேன். அவள் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு படகுக்கு நடந்தாள். ஏணியில் நான் சொன்னதைக் கேட்டவர்கள் இரண்டு பேர். மாப்பிள்ளை ஒருத்தர். அவள் ஒருத்தி.

படகு மணி அடிப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை.

எட்டு மணிக்குத் தேடுகிற படகில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மணல்திட்டை ஒட்டிப் போனோம். கம்பம் விழுந்து கிடந்தது. பாதி தண்ணீரில், பாதி மணலில், பட்டை சேற்றில். முந்தின நாள் பொழுது சாய்ந்ததும் ஒரு தோணியின் கயிறு மாட்டிச் சாய்த்துவிட்டதாம். தோணிக்காரர் காலையில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று போய்விட்டார்.

பத்தொன்பது வருஷம் தினமும் பார்த்த கம்பம். அது எங்கே நிற்கும், எவ்வளவு உயரம், பட்டை எவ்வளவு மங்கல் எல்லாம் எனக்குள்ளே இருந்தது. கண் தேடினதும் உள்ளே இருந்ததை எடுத்து அங்கே நிறுத்திவிட்டது. நான் பார்த்தது என் ஞாபகத்தை. பலகைத் தட்டைப் பற்றி எழுதினேனே, அதுவும் இதுதான். நீ கதை என்று நினைத்துக்கொண்டாய்.

மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி வந்தார். எழுத்தர் அறையில்தான் விசாரணை. மாப்பிள்ளையைச் சுவர் ஓரமாக நிற்கச் சொல்லியிருந்தார்கள். என்னை உட்காரவைத்தார்கள், உன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவன் என்பதால். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "கம்பமே விழுந்து கிடக்குது. பட்டை தெரியுதுன்னு எந்தப் பைத்தியக்காரனும் சொல்லமாட்டான். நீங்க என்ன சொன்னீங்க பெரியவரே?"

ஃபாக் என்றேன்.

பயந்துபோய்ச் சொன்னேன் என்று நினைக்காதே. அழுதுகொண்டு சொன்னேன் என்றும் நினைக்காதே. உள்ளே ஒன்றுமே இல்லை. கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி. அவர் கேட்ட கேள்விக்குள் அந்தப் பதில் இருந்தது, அதை எடுத்துக் கொடுத்தேன். ரெஜிஸ்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அது உண்மை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கைநாட்டு வைக்கச் சொன்னார், வைத்தேன்.

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. காதிலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அதைப் பார்த்தேன். அது உண்மையாகவே நடந்தது, என் ஞாபகம் நிறுத்தியது இல்லை.

பிறகு ஒரு மாதம் கழித்து நீ பெட்டியும் குழந்தையுமாக வந்து வாசலில் நின்றாய். "உங்க கண்ணையே குத்தம் சொல்றாருப்பா" என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். வாசலுக்கும் என் கட்டிலுக்கும் ஆறு அடி. "கால் கழுவிட்டு உள்ள வா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மறுநாள் சொல்லியிருக்கலாம். நீ வேலைக்கு ரயில் ஏறின அன்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் ஞாபகம் இருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு லாரி வந்தது. எடை எழுதிவிட்டு வந்தார்.

"ஏன் மாப்பிள்ளை அப்ப வாயைத் திறக்கல?" என்று கேட்டேன். இதை எழுத வேண்டாம் என்கிறார். நான் சொல்வதைத்தானே நீங்கள் எழுதணும், நீங்கள் பேசியதையும் நான்தானே சொல்கிறேன் என்றேன். எழுதுகிறார்.

அவர் சொன்னது இது. "சொன்னேன் மாமா, அவகிட்ட ஒரு தடவை. அவ உங்க கண்ணை நம்பினா. அவளை என்ன குத்தம் சொல்றது, நானும்தான் நம்பினேன். என் ஜன்னலும் ஆத்துப் பக்கம்தானே. எழுந்து நின்னு எட்டிப் பார்த்திருந்தா எதிர்ல இருக்கற படிக்கட்டுகூடத் தெரியலன்னு எனக்கே தெரிஞ்சிருக்கும். எட்டு வருஷத்துல ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல. நீங்க சொல்லிடுவீங்க, நான் எழுதிடுவேன். அதனால என்மேல ஒண்ணுமே இல்லன்னு எப்படிச் சொல்றது."

பிறகு இதை எழுதச் சொன்னேன்.

நீ கேட்டது நாலு வார்த்தை. நான் கொடுப்பதும் நாலு வார்த்தைதான். நான் மிஸ்ட் என்று சொன்னேன். இதை வாலுவுக்கு வாசித்துக் காட்டு. சாட்சிக் கையெழுத்து யார் போடுவது என்பது உங்கள் இரண்டு பேர் பாடு.

மன்னித்துவிடு என்று எழுதவா என்று கேட்கவில்லை இவர். நர்ஸம்மா என்றால் எழுதியிருப்பார். நானும் சொல்லவில்லை. நான் செய்தது மன்னிப்புக் கேட்கிற அளவுக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

முழுக்க வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, ஒரு வார்த்தை குறைவும் இல்லை. அன்றைக்கும் இப்படித்தான் எழுதினார்.

கீழே கைநாட்டு வைக்கிறேன். மை, எடைச் சீட்டுக்கு வைத்திருக்கிற ஊதா மை.

உன் அப்பா


பிப்ரவரி 27

பாப்பாவுக்கு,

இதை நர்ஸம்மா எழுதுகிறார். சேர்க்காமல் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

உன் கடிதம் வரவில்லை. முப்பத்துநாலு நாள் ஆகிறது. முன்னே ஒரு தடவை நாற்பத்திரண்டு ஆயிற்று, அதனால் இன்னும் எட்டு நாள் பார்க்கலாம் என்று நர்ஸம்மா சொன்னார். நான் கணக்குப் பார்க்கவில்லை.

போன வாரம் எடை மேடைக்குப் போனேன். வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். "அவரு பதிமூணாம் தேதியே லீவு போட்டுட்டுப் போனாரு, தாத்தா. எட்டு வருஷத்துல முதல் லீவு" என்றாள். எங்கே என்று கேட்டேன். "ரயில்ல போறேன்னாரு. புதுப் பேனா ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு" என்றாள். எப்போது திரும்புவார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

வாலு நன்றாக இருக்கட்டும். லென்ஸ் அரைக்கிற பையனும் நன்றாக இருக்கட்டும்.

மாத்திரையை இப்போது விழுங்குகிறேன். நர்ஸம்மா எதிரிலேயே நிற்கிறார்.

இன்று காலை ஆறரைக்கு எழுந்து வாசலுக்கு வந்தேன். வெளியே வெள்ளையாக இருந்தது. நர்ஸம்மா மாடியிலிருந்து, "பெரியவரே, எப்படி இருக்கு வெளியில? எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டி தெரியுதா?" என்று கேட்டார். அந்தத் தொட்டி கறுப்பு. மூடி வலது பக்கம் சாய்ந்திருக்கும், காக்கை எச்சம் இருக்கும். எங்கே இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ரொம்ப நேரம் பார்த்தேன்.

தெரியவில்லை என்றேன்.

உன் அப்பா